ரிப்பன் சார் திறந்துவைத்த இணையம்

உலகத்திலேயே தண்ணீர் கேனுக்குத் திறப்பு விழா நடத்திய ஒரே மனிதர் எங்கள் ரிப்பன் சார்தான். சந்தேகப்படுகிறவர்கள் தாம்பரத்தில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் போட்டோவையே காட்டுகிறேன்.

கிராமங்களுக்கு அதிவேக இணையம் தர அரசாங்கம் ஒதுக்கும் பணத்தில் கேபிள் பதிக்கிற கான்ட்ராக்ட் கம்பெனி எங்களுடையது. நான் கணக்கு எழுதுகிறவன், அவர் சைட் சூப்பர்வைசர். அவர் பையில் சாப்பாடு இருக்கிறதோ இல்லையோ, சிவப்பு ரிப்பனும் கத்தரிக்கோலும் ஒரு பொன்னாடையும் கட்டாயம் இருக்கும். ஒரு கத்திரி வெயிலில் அலுவலகத்துக்குப் புது மின்விசிறி வந்தது. மேனேஜர் வந்து ரிப்பன் வெட்டும்வரை அதைப் போடவிடாமல் எங்களை வேர்த்து ஒழுகவைத்தார் புண்ணியவான்.

"திறக்காத பொருளத் தொட்டா அது திருட்டு சார்" என்பார்.

இப்படிப்பட்டவர் கையில் அரசுத் திட்டம் கிடைத்தால் கேட்கவேண்டுமா? மறைமலை நகரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஓர் ஊராட்சியில் வேலை முடிந்தது. ஊராட்சி அலுவலகத்தில் இணையப் பெட்டி, தெருவெல்லாம் கேபிள், கேட்ட வீடுகளுக்கு இணைப்பு, எல்லாம் தயார். திறந்துவைக்க வேண்டிய பெரிய மனிதரின் தேதிதான் கிடைக்கவில்லை. சார் பெட்டிக்குக் குறுக்கே ரிப்பன் கட்டி, ஸ்விட்சை அணைத்து, அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். ஊர் ஜனங்கள் மாதக்கணக்கில் சிக்னலுக்காக மொட்டைமாடியில் நின்றார்கள். ரிப்பன் வெளுத்தால் மாற்றிக் கட்டுவதற்கு மட்டும் அவர் தவறாமல் போய்வந்தார்.

ஒருநாள் நானும் கூடப் போனேன். ஊராட்சி வாட்ச்மேன் கன்னியப்பன் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார் பேஜாரா கீது? எல்லாம் ரெடியா வெச்சுகினு, ஒரு சுவிட்ச தட்றதுக்கு பெரிய மனுசன் வரணுமா?"

"மரபுன்னு ஒண்ணு இருக்குப்பா."

அதற்குள் பக்கத்து வீட்டு ஷபானா கைக்குழந்தையோடு ஓடிவந்தாள். பட்டதாரி. குழந்தையை விட்டு வெளியே போகமுடியாத அவளுக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இன்னும் சற்று நேரத்தில் வீடியோவில் தேர்வு. அதுவும் அவள் வீட்டு இணைப்பில்தான் நடக்கவேண்டுமாம்.

"லைன் இல்லன்னா வேற ஆள எடுத்துருவாங்க சார். கொஞ்ச நேரம் மட்டும் போட்டு விடுங்க. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

சார் முகம் சுண்டிப்போனது. "திறக்காம எப்படிம்மா? சான்ஸே இல்ல."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அறையைத் திறந்தார். பொன்னாடையை எடுத்துக் குழந்தைக்குப் போர்த்தினார். கன்னியப்பனின் டிபன் பாக்ஸ் மூடியில் கத்தரிக்கோலை வைத்து ஷபானாவிடம் நீட்டினார்.

"இன்னைக்கு சீஃப் கெஸ்ட் நீதாம்மா. வெட்டு. யோவ், கைதட்டுங்கய்யா!"

நானும் கன்னியப்பனும் கைதட்டினோம். ரிப்பன் விழுந்தது, ஸ்விட்ச் விழுந்தது, பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"நன்றியுரைய வேலை கெடச்சதும் வெச்சுக்கலாம். ஓடு!"

வேலை கிடைத்துவிட்டது. அதன்பிறகு ஸ்விட்சை அவர் அணைக்கவே இல்லை. ஒருமுறை திறந்ததை மூடுவதும் மரபில்லையாம்.

ஒருவழியாகப் பெரிய மனிதரும் வந்தார். புது ரிப்பனை வெட்டி, "இந்த நொடி முதல் இந்த ஊருக்கு இணையம்!" என்று முழங்கினார். அதை ஊரே செல்போனைத் தூக்கிப் பிடித்து, துபாயிலிருக்கும் சொந்தக்காரர்களுக்கு நேரலையில் காட்டிக்கொண்டிருந்தது. அவருடைய உதவியாளர் அதைக் கவனித்துவிட்டார். விசாரணை என்றெல்லாம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ரிப்பன் சாரைத் தூக்கித் தென்கோடி மாவட்டத்தில் போட்டார்கள், அவ்வளவுதான்.

போன வாரம் செம்பாக்கத்தில் என் புது வீட்டுக்கு இணைய இணைப்பு கொடுத்துவிட்டுப் போனார்கள். "காசு கட்டியும் ஏன் இப்படி ஆஃப் பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று மனைவி தினமும் திட்டுகிறாள். பெட்டிக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறேன். ரிப்பன் சார் பொங்கல் லீவுக்கு ஊருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வந்து வெட்டட்டும்.