காசி வெல்டரின் வேலிக்காலும் பறவைத் தாங்கியும்

அடி அண்ணாமலை,
கிரிவலப் பாதை,
திருவண்ணாமலை.
வைகாசி மாதம், வெள்ளிக்கிழமை.

'பசும்பாத்தி' மாத இதழின் ஆசிரியர் ஐயா அவர்களின் சமூகத்துக்கு, அடி அண்ணாமலை வெல்டர் காசியின் சம்சாரம் கஸ்தூரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நீங்களும் உங்கள் வீட்டாரும் உங்கள் அச்சு மெஷினும் நல்லபடியாக இருக்க அண்ணாமலையாரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதுவது வழக்கம். எழுதியாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள் என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் உங்கள் ஆபீசில் கைவைத்தால் என்ன ஆகிறது என்பதுதான் இந்தக் கடிதமே, அதனால் தப்பை அப்படியே விட்டுவிடுங்கள்.

பங்குனி மாதப் புத்தகத்தில் இருபத்து மூன்றாம் பக்கத்தில் 'கம்பி நழுவாத வேலிக்கால், உத்தி: காசி, அடி அண்ணாமலை' என்று ஒரு படம் போட்டிருந்தீர்கள். அந்தக் காசி என் வீட்டுக்காரர். இருபத்தாறு வருஷமாகக் கிரிவலப் பாதையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். பட்டறைக்குப் பின்னால் எங்களுக்கு முக்கால் ஏக்கர் வேர்க்கடலை நிலம், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை ஆடு வளர்க்கிறாள். அந்த ஆடுகளுக்கு அவள் போடுகிற தழை பிடிக்காது, எங்கள் கடலைச் செடிதான் பிடிக்கும். வேலி போட்டோம். ஊரில் எல்லோரும் செய்கிற மாதிரி இரும்பு ஆங்கிளைக் காலாக நட்டு, அதில் ஓட்டை போட்டு, கட்டுக்கம்பியால் முள்கம்பியை முறுக்கிக் கட்டினோம். இரண்டு மழைக்குக் கட்டுக்கம்பி துருப்பிடித்து அறுந்தது, முள்கம்பி தொப்பென்று விழுந்தது, பாஞ்சாலையின் ஆடுகள் கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தன. "கட்டவே கூடாது கஸ்தூரி, கம்பி தானா உக்காரணும்" என்று என் வீட்டுக்காரர் அன்றைக்கு ஆரம்பித்தவர்தான், மூன்று வருஷம் அதே நினைப்பாக இருந்தார்.

முதலில் செய்த காலில் வளையம் வைத்தார். ஒவ்வொரு வளையத்திலும் கம்பியைக் கோத்து இழுக்க வேண்டியிருந்தது, முள் மாட்டிக்கொண்டது, அவர் சட்டையும் மாட்டிக்கொண்டது. இரண்டாவதில் வெளியே நீட்டிய கொக்கி வைத்தார். பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த ஜனங்கள் ஆளுக்கொரு பையை அதில் மாட்டி, ஈரத் துண்டைக் காயப்போட்டு, ஒரு குடும்பம் குழந்தைக்குத் தூளி கட்டுகிற அளவுக்குப் போய்விட்டது. மூன்றாவதுதான் உங்களுக்கு அனுப்பியது. அது எப்படி வந்தது என்று எழுதுகிறேன், ஆனால் புத்தகத்தில் போட வேண்டாம். ஒருநாள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் ஜாக்கெட்டை எடுத்து, அதன் கொக்கியையே பத்து நிமிஷம் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். பாஞ்சாலை எதிரிலேயே நிற்கிறாள்.

"இன்னா மாமா, அக்கா ஜாக்கெட்ல இன்னா தேடறீங்க?"

"இழுக்க இழுக்க இறுகுது பாரு" என்றார்.

அன்றைக்கு முழுக்க நான் தெருவில் தலைகாட்டவில்லை.

அந்தக் கொக்கியை வெளியே நீட்டாமல் ஆங்கிளுக்குள்ளேயே வெட்டினார். ஓரத்தில் ஆரம்பித்து, உள்ளே போகப் போகக் கீழே இறங்குகிற ஒரு வெட்டு, அடியில் ஒரு சின்னத் திருப்பம். கம்பியை அதன் வாயில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் சரிந்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். மாடு சாய்ந்தாலும் வெளியே வராது. காலின் அடியில் ஒரு சதுரத் தகடு பற்றவைத்தார், மண்ணுக்குள் புதைந்து பிடித்துக்கொள்ள. மேல் முனையைக் கூராக வெட்டினார், பௌர்ணமி ஜனங்கள் கைவைத்துச் சாயாமல் இருக்க. கூர் மேலே, தகடு கீழே. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் ஐயா.

மார்கழியில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள்தான் மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம் படம் வரைந்து என் கையில் கொடுத்தார். "பசும்பாத்திக்கு அனுப்பிடு. மடிக்காதே. மடிப்பு விழுந்தா அதையும் வெட்டுன்னு நெனச்சுடுவாங்க" என்றார். மடிக்காமல்தான் அனுப்பினேன். தை பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டார். அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. சுவரில் படம் மாட்டினோம். ஆணி சரியில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கதவு நிலையைக் கண்ணாலேயே மட்டம் பார்த்த மனுஷன் கோணலாகத் தொங்கக் கூடாதென்று டிராயரில் கிடந்த ஒரு பேப்பரை மடித்துப் பின்னால் சொருகினேன். நேரானார்.

பங்குனியில் உங்கள் புத்தகம் வந்தது. அழுகையில் எனக்கு எழுத்து தெரியவில்லை, பாஞ்சாலைதான் சத்தமாகப் படித்தாள். 'கூரான முனை மண்ணில் எளிதில் இறங்கும். மேலேயுள்ள தகடு பறவைத் தாங்கியாகப் பயன்படும். பறவைகள் அதில் அமர்ந்து பூச்சிகளைப் பிடித்து உண்ணும்.' இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னதே இல்லை. ஆனால் அச்சில் இருக்கிறதே, எனக்குச் சொல்லாமல் இவ்வளவு யோசித்திருக்கிறாரே என்று இன்னும் ஜாஸ்தி அழுதேன். அந்த அழுகையை நீங்கள் எனக்குத் திருப்பித் தர வேண்டும் ஐயா.

படத்தின் கீழே அவருடைய போன் நம்பர் போட்டிருந்தீர்கள். அந்த போனை நான் நிறுத்தவில்லை. சித்திரை பிறந்ததும் அடிக்க ஆரம்பித்தது.

"காசி அண்ணன் இருக்காருங்களா?"

"இல்லீங்க."

"எப்ப வருவாரு?"

"வெளியூர் போயிருக்காருங்க."

முதல் ஆளிடம் வாய் தவறி அப்படிச் சொல்லிவிட்டேன். அப்புறம் எல்லோரிடமும் அதையே சொன்னேன். எல்லோருக்கும் ஒரே புகார், கம்பி நிற்கவில்லை. ஒருத்தர் "வந்ததும் பேசச் சொல்லுங்கம்மா" என்றார். சொல்கிறேன் என்றேன்.

போன வாரம் கீழ்பென்னாத்தூரிலிருந்து இருசப்பன் என்பவர் ஒரு காலையே பிடுங்கி மினி வேனில் போட்டுக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்.

"எங்கம்மா காசி? கூப்பிடு அந்த மனுஷனை!"

நான் சுவரைக் காட்டினேன். படத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், தோளிலிருந்த துண்டை எடுத்தார். கொண்டுவந்த கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல் இரும்புக் காலைப் பிடித்தபடியே நின்றார்.

"எத்தினி நாள் ஆச்சும்மா?"

"நாலு மாசங்க."

"போன்ல வெளியூர்ன்னியே?"

"உக்காருங்கண்ணா. காப்பி போடறேன்."

காப்பி உள்ளே போனதும் கோபம் திரும்பி வந்துவிட்டது. "சித்திரையில மல்லாட்டை வெதச்சேம்மா. புக்குல போட்ட மாதிரியே நாப்பது கால் அடிச்சேன். கம்பி மாட்டறேன், விழுது. மாட்டறேன், விழுது. என் பொண்டாட்டி பின்னாலயே எடுத்து எடுத்துக் குடுத்துக்கினு வரா. கடைசி காலுக்கு வந்து திரும்பிப் பாத்தா மொத்தக் கம்பியும் தரையில படுத்துங்கெடக்குது. ஆனா ஒண்ணு, பொய் சொல்லக் கூடாது, அந்தப் பறவைத் தாங்கி மட்டும் அருமை. நாப்பது தகட்டுல நாப்பது காக்கா. சட்டமா உக்காந்து, நான் எங்க வெதை போடறேன்னு பாத்து வெச்சிக்கினு, எறங்கித் தின்னுட்டு, மறுபடி ஏறி உக்காந்துக்குது. பூச்சியை ஒண்ணுகூடத் தொடலை."

என் கொழுந்தனார் முருகவேலும் அப்போது வீட்டில் இருந்தார். அவர் சிரித்துவிட்டார். "மயிலையே தலையால நிக்க வெச்ச ஆளுங்க எங்க அண்ணன். அவர் கால்ல கம்பி எங்க நிக்கும்?" என்றார்.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ஒரு லாட்ஜுக்கு மயில் வைத்து ஜன்னல் கிரில் செய்தார். எட்டு ஜன்னல். எட்டையும் தலைகீழாகப் பதித்துவிட்டார். எட்டு மயிலும் காலை ஆகாயத்தில் நீட்டிக்கொண்டு நின்றன. லாட்ஜ்காரர் அது யோகாசனம் என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சமாளித்துவிட்டார், இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. அன்றைக்கு வந்த பழக்கம்தான், அதற்கப்புறம் 'மேல்' என்று எழுதாமல் ஒரு துண்டு இரும்பைக்கூட அவர் தொட்டதில்லை. கேட்டில் எழுதுவார், கட்டிலில் எழுதுவார், எனக்குச் செய்துகொடுத்த தேங்காய்த் துருவியில்கூட சாக்பீஸால் 'மேல்' என்று எழுதியிருந்தார். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படத்தைத் தூக்கிக் காட்டிய டாக்டரிடம், "இதுல மேல் எதுன்னு எழுதலையே சார்" என்று கேட்டவர்.

முருகவேல் சிரித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இருபத்தாறு வருஷம் நானும்தான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். அது வேறு. அவர் திருப்பிச் சொல்ல முடியாதபோது மற்றவர்கள் சிரிப்பது வேறு. "வாங்கண்ணா, அவர் கையால நட்ட பன்னெண்டு கால் பின்னால இருக்குது. அதுலயும் கம்பி விழுந்திருந்தா நானே ஒத்துக்கறேன்" என்று இருசப்பன் அண்ணனை நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விழுந்து கிடந்தால் என்ன செய்வது என்று போகிற வழியெல்லாம் அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டேன். கிடக்கவில்லை. அண்ணன் முள் இல்லாத இடமாகப் பார்த்துப் பிடித்து இழுத்தார், காலை ஊன்றி இழுத்தார், கடைசியில் தொங்கியே பார்த்தார். கம்பி அசையவில்லை. பாஞ்சாலையின் ஆடு அந்தப் பக்கம் நின்று எங்களை வெறுப்பாகப் பார்த்தது. அண்ணன் தன் இரும்புக் காலைக் கொண்டுவந்து எங்கள் கால் பக்கத்தில் நிறுத்தினார். இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார், கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தார்.

"ஏம்மா, உங்களுது தலைகீழா இருக்குது."

"செஞ்சவரே நட்டதுங்க. எங்களுது எப்படித் தலைகீழா இருக்கும்?"

"அப்ப என்னுது நாப்பதும்?"

"நாப்பதும்தாங்க."

அவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய் உங்கள் புத்தகத்தையும், மாசி மாதம் கண் முகாமில் கொடுத்த கண்ணாடியையும் எடுத்து வந்தேன். புத்தகத்தைத் திருப்பிப் பிடித்தேன். எழுத்து தலைகீழானது, கால் நேரானது.

உடனே உங்கள் ஆபீசுக்கு போன் போட்டேன். நீங்கள் இல்லை, கோபி என்கிற தம்பிதான் எடுத்தார். "நீங்க அனுப்பின மாதிரியேதாம்மா போட்டோம்" என்றார். மேல்னு எழுதியிருக்குமே தம்பின்னு கேட்டேன். "படத்துல ஒரு எழுத்துகூட இல்லம்மா. பேர், அட்ரஸ் எல்லாம் தனித் தாள்ல இருந்துச்சு." அப்ப பறவைத் தாங்கின்னு யார் எழுதினதுன்னு கேட்டேன். தம்பி பக்கத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "பாத்தா அப்படித்தாம்மா தோணுச்சு" என்றார்.

தோணுச்சாம். ஐயா, நான் கேட்கிறேன், தேங்காய்த் துருவிக்கே 'மேல்' எழுதின மனுஷன் உங்கள் பத்திரிகைக்கு எழுதாமல் அனுப்புவாரா? உங்கள் ஆபீசில் யாரோ அழகுக்கென்று கத்தரித்துவிட்டார்கள். கத்தரித்த கை நன்றாக இருக்குமா? ஒரு மனுஷன் கடைசியாக எழுதிய எழுத்து ஐயா அது. ஒரு வார்த்தைதான், அதைக்கூடவா விட்டுவைக்கக் கூடாது? படித்தவர்கள் நீங்கள், ஒரு தாளில் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் ஊருக்கே விவசாயம் சொல்லித் தருகிறீர்கள். இருசப்பன் அண்ணன் நல்ல மனுஷன், ஒரு வார்த்தை திட்டாமல் நாற்பதையும் பிடுங்கித் திருப்பி நட்டுக்கொண்டிருக்கிறார். தினமும் போன் போடுகிறார். "இருவத்தேழு ஆச்சும்மா. ஒரு கம்பி அசையலை. அண்ணன்கிட்ட சொல்லிடு" என்கிறார். நானும் படத்துக்கு எதிரே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

ஆகவே வருகிற இதழில் அதே படத்தை நேராகத் திருப்பிப் போட்டு, தப்பு பத்திரிகையின் தப்பு, காசி செய்தது சரியான கால் என்று பெரிய எழுத்தில் போட வேண்டும். முருகவேல் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்குப் பெரிதாக. இந்தக் கடிதத்தின் நாலு தாளிலும் மேல் எது என்று எழுதியிருக்கிறேன், பார்த்துப் பிடித்துப் படிக்கவும்.

மற்றபடி உங்கள் மேல் எனக்குத் தனியாக விரோதம் இல்லை. உங்கள் பத்திரிகை தீபம் மாதிரி நின்று எரியட்டும், உங்கள் பிள்ளைகுட்டிகள் தீர்க்காயுசாக இருக்கட்டும், கோபி தம்பிக்கு நல்ல கண்பார்வை கிடைக்கட்டும். பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தால் எங்கள் பட்டறை வாசலில் மோர் கொடுப்போம், சண்டை போடாமல் கொடுப்பேன்.

இப்படிக்கு,
கா. கஸ்தூரி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால், வெள்ளிக்கிழமையாச்சே, பூ மாற்றலாம் என்று படத்தைக் கழற்றினேன். பின்னால் சொருகியிருந்த பேப்பர் கீழே விழுந்தது. உங்களைத் திட்டுவதற்காகக் கண்ணாடி போட்டிருந்தேன், அதனால் அதில் பென்சில் எழுத்து இருப்பது தெரிந்தது. பிரித்தேன். மாதக் காலண்டர் தாளின் ஓரம், ஐயா. ஒரு அம்புக்குறி. 'மேல்' என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே சின்னதாக, 'கஸ்தூரி, இந்த ஓரத்தைக் கத்தரிச்சிடாதே.'

இப்போதுதான் ஞாபகம் வருகிறது. தாள் பெரியது, கவர் சின்னது. மடிக்காதே என்றார். அப்போது கண்ணாடியும் கிடையாது. ஏதோ அழுக்கு என்று ஓரத்தைக் கத்தரித்து டிராயரில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கத்தரிப்பேன் என்று அவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது பாருங்கள்.

அதனால் மேலே திட்டியதையெல்லாம் நீங்களே அடித்துவிடுங்கள், மறுபடி நாலு தாள் எழுதக் கை வலிக்கிறது. கத்தரித்த கையைப் பற்றிச் சொன்னதை முதலில் அடியுங்கள். பறவைத் தாங்கிக்குத் திட்டியதை மட்டும் அடிக்க வேண்டாம், அது உங்களுடையதுதான். ஆனால் ஐயா, புத்தகத்தில் போடும்போது தப்பு பத்திரிகையின் தப்பு என்றே போடுங்கள். அவர் இருந்திருந்தால் இந்தத் துண்டைச் சட்டைப்பையில் மறைத்துக்கொண்டு, பத்திரிகைக்காரங்க தப்பு என்றுதான் ஊரெல்லாம் சொல்லியிருப்பார். வீட்டுக்குள் வந்துதான் சிரித்திருப்பார்.

துண்டை அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள், தர மாட்டேன். படத்துக்குப் பின்னால் சொருக வேறு பேப்பர் தேடினேன். உங்கள் புத்தகத்தின் இருபத்து மூன்றாம் பக்கம், நாலாக மடித்தால் சரியான கனத்துக்கு வருகிறது. அவர் நேராக இருக்கிறார்.