கூடிப்போனா சாரும் சிவப்புப் பென்சிலும்

எந்தக் கேள்விக்கும் ஒற்றைப் பதில் சொல்லாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அக்கரப்பத்தனைக்காரர், இஞ்சினியர். நான் கிளார்க்காக இருந்த தேயிலைத் தொழிற்சாலையில் அவருக்குக் 'கூடிப்போனா சார்' என்று பெயர்.

"தலவாக்கலை பஸ் எப்ப வரும் சார்?" என்றால், "கொறஞ்சது ஏழு மணி, கூடிப்போனா ஒம்போது" என்பார். பெண் பார்க்கப் போன வீட்டில் அவர் வயதைக் கேட்டதற்கு, "இருபத்தெட்டுக்குக் கொறையாது, முப்பத்திரெண்டத் தாண்டாது" என்றாராம். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

தேயிலையை உலர்த்தும் எங்கள் ட்ரையரைச் சரிசெய்யத்தான் வந்தார். தேயிலைத் தூளில் கருகல் வாடை. இன்னொரு தடவை தூள் விற்காமல் திரும்பி வந்தால் தொழிற்சாலைக்குப் பூட்டு, கொழுந்து வேறு தோட்டத்துக்கு என்று கம்பெனி சொல்லிவிட்டது. தூள் சலிக்கும் மாரியாயி அக்கா தினமும் கேட்பார்: "மூடிருவாங்களா சார்?" "கொறஞ்சது ஒரு மாசம் ஓடும், கூடிப்போனா ஒரு வருசம்" என்பார் சார்.

தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா இருபது வருடமாக ஒரே சூட்டில் ட்ரையரை ஓட்டுபவர். ஒரு பாகை ஏற்றிப் பார்ப்பார், ஒரு பாகை இறக்கிப் பார்ப்பார், "பழசுதான் நல்லது" என்று திரும்பிவிடுவார்.

"ஐயா, நீங்க நிக்கிற மேட்டுல நீங்கதான் ஒசரம். பக்கத்து மலை பனியில தெரியல, அவ்ளோதான்" என்றார் சார்.

"அப்ப கணக்குப் போட்டுச் சொல்லுங்க தம்பி."

"அங்கதாங்க சிக்கல். ஈரம் தெரிஞ்சாத்தான் சூடு தெரியும், சூடு தெரிஞ்சாத்தான் ஈரம் தெரியும். ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்துகிட்டு வர மாட்டேங்குது. அளவு தெரியாத ஆளுக்குச் சட்டைய லூசாத் தைப்போமில்ல? ஆளு உள்ளதான் இருப்பான். பொறவு கொஞ்சங் கொஞ்சமா புடிச்சுக்கலாம். விடையும் அப்படித்தான், கொறஞ்சது இவ்ளோ, கூடிப்போனா இவ்ளோன்னு லூசா வச்சுத்தான் இறுக்கணும்."

சுவரில் பெரிய தாளை ஒட்டினார். ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் நேரம், நடுவே கட்டங்கள். "இந்தக் கட்டத்துச் சூட்டுல, நேரத்துல ஓட்டுனா, ருசி கூடிப்போனாலும் நேத்துக் குடிச்ச தேத்தண்ணியத் தாண்டாது. வெட்டு!" சிவப்புப் பென்சில் பாயும். சந்தேகமென்றால் கட்டத்தை இரண்டாகப் பிரித்து மறுபடி கணக்கு. அதிர்ஷ்டத்தை நம்பி ஒன்றைக்கூட வெட்டவுமில்லை, விடவுமில்லை.

மூன்றாம் நாள் சற்று நல்ல தூள் ஒன்று கிடைத்தது. அதைத் தாண்டாது என்று ஐயாவின் இருபது வருடக் கட்டமும் வெட்டுப்பட்டது. ஐயா பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு கொழுந்து வாட்டும் மாடிக்கு ஏறிவிட்டார். மாரியாயி அக்காதான் பின்னாலேயே போனார். "பென்சிலக் குடுங்க சாமி. எங்க பொழப்பு அதுலதான் இருக்கு."

பென்சில் திரும்பி வந்தது. கடைசியில் தாளின் மூலையில் ஒரே கட்டம் மிஞ்சியது. சூடு குறைவு, நேரம் அதிகம். யாரும் கனவிலும் ஓட்டாத இடம். ஓட்டினோம். ஐயா ருசி பார்த்தார். வழக்கமாகத் துப்புகிறவர், விழுங்கிவிட்டார். "இன்னொரு கோப்பை கொண்டாங்க" என்றார்.

"மூடிருவாங்களா சார்?" என்றார் மாரியாயி அக்கா.

வழக்கமான பதிலுக்காக எல்லோரும் காத்திருந்தோம்.

"மூட மாட்டாங்க."

சார் அவ்வளவுதான் சொன்னார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தொழிற்சாலை இன்றும் ஓடுகிறது. சார் வேறு தோட்டத்து ட்ரையருக்குப் போய்விட்டார். அவரை எவ்வளவு பிடிக்கும் என்று யாராவது கேட்டால், கொறஞ்சது ஒரு மலையளவு என்பேன். கூடிப்போனா எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை.