பெல்ஜியம் மருந்துக்குப் பத்தியம்

போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்த ஞானசிகாமணி, அன்று மாலை கடையைப் பூட்டும்போதே தீர்மானம் செய்துவிட்டார். கையில் இருந்த பெட்டியிலிருந்து ஒரு துண்டுகூட வேறு யார் வாய்க்கும் போகக் கூடாது.

பெட்டி பெல்ஜியத்தில் இருந்து வந்தது. அந்த நாட்டில் சாக்லேட் செய்கிற துரை ஒருவர், ஏலக்காய் பார்க்க வந்த இடத்தில் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார். அதுவரை ஞானசிகாமணிக்குச் சாக்லேட் என்றால், பல்லில் ஒட்டிக்கொண்டு பிரசங்கம் முடியும்வரை இறங்காத ஒரு சாமான். இது அப்படி இல்லை. நாக்கில் வைத்ததும் லேசாகக் கசந்தது. அப்புறம் அது கரைந்தது. அப்புறம் அவரும் கரைந்தார். மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சரக்கு கேட்டு வந்தவர்கள், ஜெபம் பண்ணுகிறார் என்று திரும்பிப் போனார்கள்.

துரையோடு கொச்சியில் இருந்து வந்த ஏஜெண்டு மலையாளத்தில் விளக்கியிருந்தார். இது அசல் கொக்கோ, சர்க்கரை கொஞ்சம்தான். அந்த ஊர்ப் பெரியவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துண்டு வாயில் போட்டுக்கொள்வார்களாம். நெஞ்சுக்கு நல்லது, ரத்தம் நன்றாக ஓடும், மனசு லேசாகும் என்பது அவர்கள் நம்பிக்கை.

இத்தனை நல்லதையும் வீட்டுக்குள் கொண்டுபோவதில் இரண்டு தடைகள் இருந்தன. முதல் தடை தேனி டாக்டர். மாடிப்படி ஏறினால் ஞானசிகாமணிக்கு மூச்சு வாங்கியது. உடம்பு குறைகிறவரை இனிப்பைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டாவது தடை மனைவி சுகிர்தம். எந்தப் பலகாரம் வந்தாலும் அது முதலில் சுவர் தாண்டி நாலு வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அவள் வழக்கம். போன கிறிஸ்துமஸ் கேக்கில் அவருக்குக் கிடைத்தது அடியில் இருந்த காகிதம்.

தெருமுனை திரும்பும்போது யோசனை உதித்தது. மருந்து என்று சொன்னால்? மருந்தை யாரும் பங்கு வைக்க மாட்டார்கள். மருந்து இனிப்பும் ஆகாது. துரையின் ஏஜெண்டே நெஞ்சுக்கு நல்லது என்றுதானே சொன்னார்? ஆகவே இது பாதிப் பொய்தான்.

சுகிர்தம் பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"மருந்து இம்புட்டு வாசமாவா இருக்கும்?"

"சீமை மருந்து அப்படித்தான்."

"கசக்குமா?"

"வேப்பங்காய் தோத்துச்சு."

நிரூபிப்பதற்காக ஒன்றை வாயில் போட்டு முகத்தைக் கோணினார். உடம்பைச் சிலிர்த்துக்கொண்டார். தண்ணீர் கேட்டார். விரலில் ஒட்டியிருந்ததையும் விடவில்லை. சுகிர்தம் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, மருந்து உருகிவிடக் கூடாதே என்று பெட்டியை வாங்கித் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஈரமணல் மேல் பத்திரமாக வைத்தாள். ஞானசிகாமணி அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் மத்தியானம் பக்கத்து வீட்டு மாயக்காள் அயிரை மீன் குழம்பு கூட்டிய மணம் சுவர் தாண்டி வந்தது. நம் வீட்டிலும் மீன் வாங்கியிருப்பார்கள் என்ற நினைப்பில் உட்கார்ந்தார். தட்டில் கஞ்சி விழுந்தது. பக்கத்தில் ஒரு சுட்ட அப்பளம்.

"மீன் எங்க?"

"மருந்து சாப்பிடுறீகள்ல. பத்தியம் வேணாமா?"

அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சுகிர்தத்தின் தகப்பனார் மார்க்கையன்கோட்டையில் பேர்போன நாட்டு வைத்தியர். பத்தியம் சொல்லாமல் அவர் ஒரு உருண்டை கொடுத்ததில்லை. புளி, மீன், கத்தரிக்காய் எதுவும் ஆகாது என்று மகள் வரிசையாகச் சொன்னாள். காபி ஆகவே ஆகாதாம். இதெல்லாம் ஒரு மண்டலத்துக்கு.

"சீமை மருந்துக்குப் பத்தியம் கிடையாது, சுகிர்தம்."

"மருந்து சீமையா இருக்கலாம். வயிறு போடி வயிறுதானே?"

சரி, மருந்தாவது வரட்டும் என்று கையை நீட்டினார். வந்தது. துவரம்பருப்பு அளவு சாக்லேட்டை உரைகல்லில் இஞ்சிச் சாறு விட்டு உரைத்துக் கொண்டுவந்திருந்தாள். பெல்ஜியம் உண்டான நாள் முதல் அந்த நாட்டான் எவனும் கண்டிராத ருசி அது. இந்தத் தடவை முகம் தானாகவே கோணியது.

உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் பெட்டி சுவர் தாண்டிப் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டார். ஒரு நாளைக்குப் பருப்பளவுதான் செலவு. மண்டலம் முடியும்போது பெட்டி அப்படியே மிஞ்சும். அந்த நம்பிக்கையில் கஞ்சி இறங்கியது. சட்டை தொளதொளத்தது. வேட்டி நழுவியது. மாடிப்படியில் மூச்சு வாங்குவது நின்றதுகூட அவர் கவனத்தில் இல்லை. அவர் கவனம் முழுவதும் ஈரமணல் மேல் இருந்தது.

மண்டலம் முடிந்த அன்று தேனி டாக்டர் எடை பார்த்து அசந்துபோனார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். "பெல்ஜியம் மருந்து, பத்தியத்தோட" என்றாள் சுகிர்தம். எதுவானாலும் விடாமல் தொடருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே சுகிர்தம் அடுத்த மண்டலத்தைத் தொடங்கிவிட்டாள். வீடு வந்து சேர்ந்ததும் ஞானசிகாமணி சரணடைந்தார்.

"சுகிர்தம், அது மருந்து இல்ல. மிட்டாய்."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"மொத நாளே. கசக்குற மருந்தை யாருங்க விரலை நக்கித் திம்பாக?"

அவர் பாய்ந்துபோய்ப் பெட்டியைத் திறந்தார். துண்டுகளைச் சுற்றியிருந்த தங்கநிறத் தாள்கள் அழகாக மடித்து அடுக்கியிருந்தன. ஓரத்தில் ஒரே ஒரு துண்டு.

"மத்ததெல்லாம்?"

"நானும் மாயக்காளும் தின்னோம். மனசு லேசாத்தான் இருந்துச்சு."

"பத்தியம் இல்லாமலா?"

"மிட்டாய்க்கு ஏது பத்தியம்?"

அவர் கை கடைசித் துண்டை நோக்கிப் போனது. சுகிர்தம் மெல்ல மூடியை மூடினாள். "மிட்டாய்னு நீங்களே சொல்லிட்டீக. மிட்டாய் ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காக."

அன்று சாயங்காலம் தட்டில் அயிரை மீன் குழம்பு வந்தது. பின்னாலேயே காபியும் வந்தது. ஞானசிகாமணி தெம்பானார். அடுத்த சீசனுக்கும் துரை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தடவை பெட்டி கடையைத் தாண்டக் கூடாது என்று மனதுக்குள் புதிய தீர்மானம் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது.

சுகிர்தம் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அந்தத் துரைக்கு நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். இனிமே மருந்தை நேரா வீட்டு விலாசத்துக்கே அனுப்பச் சொல்லி, கொச்சி ஏஜெண்டுக்குக் கடுதாசி போட்டுட்டேன்."