மயிரிழையில் தவறிய சியர்லீடர்

சியர்லீடர்களால் ஊருக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. பள்ளிக்கூட அணி ஆடும்போது மைதான ஓரத்தில் நின்று நாலு வருஷம் குதித்தார்கள், கத்தினார்கள், குஞ்சம் ஆட்டினார்கள், அப்புறம் கல்யாணமாகி முழங்கால் வலி வந்து எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள். தொந்தரவெல்லாம் சியர்லீடர் தேர்வுக்குப் போய், இடம் கிடைக்காமல் திரும்பி வந்தவர்களால்தான். இவர்கள் மறக்கிற ஜாதியே இல்லை.

அமெரிக்காவில் எங்கள் நெப்ராஸ்கா பக்கம் தெருவுக்கு ஒருத்தியாவது இருப்பாள். பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் ரோண்டா பிரூட்டைப் பாருங்களேன். யார் வீட்டு விருந்தாகட்டும், உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்துச் சுட்ட பலகாரத் தட்டு பாதி காலியாகும் நேரம், எவனாவது வாய் தவறிப் பள்ளிக்கூடம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ரோண்டா தட்டைக் கீழே வைப்பாள். "அன்னைக்கு ஆடுனதுல கையை மட்டும் காட்டுறேன்" என்பாள். கையை மட்டும் காட்டி நிறுத்தியதாகச் சரித்திரம் உண்டா? செருப்பு ஒரு பக்கம் பறக்கும். அவள் புருஷன் வெண்டல் எழுந்து, மூலையில் நிற்கும் விளக்கை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டு மறுபடி வந்து உட்காருவார்.

கதை இதுதான். தேர்வன்று முதுகில் எண் குத்திக்கொண்டு, தோழியோடு கொல்லைப்புறத்தில் புல் தேயத் தேயப் பழகிய ஆட்டத்தை ஆடி, கடைசித் தாவலில் ரோண்டா பொத்தென்று பின்பக்கம் தரையில் பட விழுந்தாள். விழுந்தாலும் சிரிப்பு போகக்கூடாது என்பது அங்கே வேதவாக்கு. எனவே உட்கார்ந்த இடத்திலேயே, எல்லாப் பல்லும் தெரிய, "முட்டு முட்டு காட்டெருமை" என்று பள்ளி அணியின் கோஷத்தைக் கூரை அதிரக் கத்தி முடித்தாள். அவ்வளவு பயந்ததும் அன்றைக்குத்தான், அவ்வளவு சந்தோஷப்பட்டதும் அன்றைக்குத்தான். இது நிஜம். ஆனால் வருஷம் ஆக ஆகத் தாவல் மட்டும் உயர்ந்துகொண்டே போனது. இப்போதைய நிலவரப்படி கூடைப்பந்து வளையத்துக்குக் கொஞ்சம் கீழே. நடுவராக வந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகவும் ஒரு கட்டம் சேர்ந்திருக்கிறது.

"ஏப்ரல் மாசம் ஊர்ல எல்லாருக்கும்தான் கண்ணு கலங்குது, ரோண்டா. காத்தெல்லாம் மகரந்தம்" என்று வெண்டல் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அதற்கப்புறம் விளக்கு நகர்த்துவதோடு சரி.

இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த மகள் டெலானி, இந்த ஏப்ரலில் தானும் தேர்வுக்குப் போகிறேன் என்றாள். ரோண்டாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெற்றோரைத் தேர்வு நடக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் விடமாட்டார்கள். வெளியே வண்டிகளுக்குள் அம்மாமார் வரிசையாக உட்கார்ந்து, எந்தக் கவலையும் இல்லாத மாதிரி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் ரோண்டாவுக்கு உறைத்தது. கிடைக்காமல் போனதைப் பற்றி இத்தனை வருஷமாகத் திருவிழாக் கதை மாதிரி சொல்லிச் சொல்லிப் பிள்ளையை அனுப்பிவிட்டோமே, அது அழுதுகொண்டு வந்தால்? தன் கதையெல்லாம் பொய்யென்று ஆகிவிடாதா? இடம் கிடைக்காவிட்டால் போகட்டும், பிள்ளை அழாமல் வந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டாள். ஆறுதல் வார்த்தைகளை ஒன்றுக்கு இரண்டு தடவை ஒத்திகை பார்த்தாள்.

கதவு திறந்தது. டெலானி முகமெல்லாம் சிவந்து, தலைமுடி கலைந்து, வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"கிடைக்கலம்மா."

ரோண்டா ஒத்திகை பார்த்ததை ஆரம்பிக்க வாயைத் திறந்தாள்.

"ஆனா நீ பாத்திருக்கணும்" என்றாள் டெலானி. "கடைசித் தாவல்ல பக்கத்துப் பொண்ணு மேலயே போய் விழுந்தேன். ரெண்டு பேரும் படுத்துக்கிட்டே சிரிச்சுக்கிட்டு, படுத்துக்கிட்டே கத்துறோம்."

ரோண்டா சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். மகரந்தம் என்று நீங்கள் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐஸ்கிரீம் கடை ஜன்னலுக்கு வண்டி போய்ச் சேருவதற்குள் டெலானியின் தாவல் ஒரு முழம் உயர்ந்திருந்தது. ஐஸ்கிரீம் கைக்கு வரும்போது நடுவர்களில் ஒருவர் எழுந்து நின்று கை தட்டியிருந்தார். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி என்று சும்மாவா சொன்னார்கள்? ரோண்டாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"எங்க காலத்துல கூரைக்குக் கிட்ட..." என்று ஆரம்பித்தாள்.

"அம்மா, கொஞ்சம் இரு. இது என் கதை" என்றாள் மகள்.

ரோண்டா வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பேசாமல் ஐஸ்கிரீம் தின்றாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், நெப்ராஸ்கா ரொம்ப தூரம். ஆனால் மாவட்டக் கபடி அணித் தேர்வன்று மட்டும் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் என்று போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு நடுவில் தொடை தட்டி ஆரம்பித்தது யார்? அடுத்த தடவை தொடையைத் தட்டுமுன் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் எழுந்து, தண்ணீர்ச் சொம்பைத் தள்ளி வைத்துக்கொண்டிருப்பார்.