ஜார்தான் அண்ணையின் தண்ணீர்த் தோட்டம்

பாரிஸ் லா சப்பலில் ஒரு பிடி மண் இல்லாமல் தோட்டம் செய்து, தான் கமக்காரன்தான் என்று பிரெஞ்சு அரசாங்கத்துக்கு நிரூபிக்கப் புறப்பட்ட ஒரே மனிதர் எங்கள் ஜார்தான் அண்ணைதான். ஒன்றரை வருடம் அவரோடு ஒரே அறையில் இருந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன், அவரைத் தாங்குவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். எனக்கு அது இருக்கவில்லை.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் வன்னியிலிருந்து வந்தவர். அகதி விசாரணையில் என்ன தொழில் என்று கேட்டிருக்கிறார்கள். "தோட்டம்" என்றிருக்கிறார். எங்களுக்குத் தோட்டம் என்றால் மூன்று ஏக்கரில் மிளகாயும் வெங்காயமும். மொழிபெயர்த்தவர் புதுச்சேரிக்காரர். அவருக்குத் தோட்டம் என்றால் வீட்டுக்குப் பின்னால் நாலு ரோசாச்செடி. பிரெஞ்சில் 'ஜார்தான்', பூந்தோட்டம், என்று சொல்லிவிட்டார். விவசாயி என்கிறார், ஆனால் வீட்டில் பூந்தோட்டம் வைத்திருந்ததாகவும் சொல்கிறார், நம்பும்படி இல்லை என்று கடிதம் வந்தது. ரிஜெக்ட். அன்றைக்கே அறையில் அவருக்கு ஜார்தான் என்று பெயர் வைத்தோம். சிரித்துக்கொண்டேதான் வைத்தோம், பாவிகள்.

மேல்முறையீடு போட்டுவிட்டு மனிதர் சும்மா இருக்கவில்லை.

"தம்பி, மிளகாயைக் காய்க்கப்பண்ணி அப்பிடியே கொண்டுபோய்க் காட்டினா நம்புவினம்தானே?"

"மண்ணுக்கு எங்கை போறது அண்ணை? நாங்கள் இருக்கிறது ஐஞ்சாம் மாடி."

"மண் என்னத்துக்கு? வெறும் தண்ணியிலை வளக்கலாமாம். இன்ரநெற்றிலை பாத்தனான்."

நான் ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறவன். அங்கிருந்து மயோனேஸ் வாளி கொண்டுவரும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. மூடியில் ஓட்டை போட்டு, அதில் அடியில் துளையிட்ட யோகட் கோப்பையை இறக்கி, மிளகாய்க்கண்டு சாயாமல் சூளையில் சுட்ட களிமண் உருண்டைகளை நிரப்பினார். விதை எங்கள் சமையல் செத்தல் மிளகாயிலிருந்து. வேர் கீழே தொங்கி, பசளை உரம் கரைத்த தண்ணீரைக் குடிக்கும் என்றார். குடித்தது. ஒரு கிழமையில் வேர் கறுத்து அழுகிச் செத்தது.

"மண்ணெண்டா வேருக்குக் காத்து இருக்கும். தண்ணிக்கை நாங்கள்தான் ஊதவேணும்," என்றார் துக்கத்தோடு. அடுத்த நாளிலிருந்து அறையில் வேலைக்குப் போகிறவன் ஒவ்வொருவனும் குழாயை வாயில் வைத்து வாளிக்குள் ஐம்பது தரம் ஊதிவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். தலைசுற்றி ஒருவன் ரூ பெர்தொனே தெருவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகுதான் மீன்தொட்டிப் பம்ப் ஒன்று வாங்கினோம்.

இரண்டாவது கண்டின் தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையானது. வேருக்கு வெளிச்சம் படக்கூடாதாம். வாளியைச் சுற்றக் கறுப்பாக ஏதும் வேண்டும் என்று என்னுடைய ஒரே குளிர்க்கோட்டை எடுத்துச் சுற்றிவிட்டார். ஜனவரி மாதம். கோட்டுப் போட்டது மிளகாய், நடுங்கியது நான்.

மூன்றாவது கண்டு நின்றது. பூத்தது. தேனீ ஐந்தாம் மாடிக்கு வராது என்று, காது குடையும் பஞ்சுக்குச்சியால் ஒவ்வொரு பூவையும் தடவிவிட்டார். நாலு காய் பிடித்தது. குழந்தை பிறந்த வீடு மாதிரி நாங்கள் சத்தமில்லாமல் நடந்தோம்.

மேல்முறையீட்டு விசாரணை நாளில் துணைக்கு நான் போனேன். வாசல் காவலாளி தண்ணீர் வாளியை உள்ளே விடமாட்டேன் என்றான். அண்ணை தண்ணீரை ஊற்றிவிட்டு, வேரை ஈரத் துவாயில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். மூன்று மணித்தியாலம் இருக்கவைத்தார்கள். கூப்பிட்டபோது துவாய் காய்ந்து, இலையெல்லாம் தொங்கிப்போயிருந்தது. இது என்ன என்று நீதிபதி கேட்டார். மூன்று ஏக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம். மனிதர் செடியைப் பார்த்து, "தண்ணி விட்டா பின்னேரம் நிமிர்ந்திடும் ஐயா," என்றார். பிறகு தொங்கிய இலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துக் காட்டத் தொடங்கினார்.

பின்னேரம் அறையில் அது நிமிர்ந்துதான் நின்றது. பார்க்க நீதிபதி இல்லை.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. ஒரு செடி எதையும் நிரூபிக்காது என்று எழுதியிருந்தது. அண்ணை அதை மடித்து வைத்துவிட்டுத் தண்ணீர் மாற்றினார். அடுத்த கிழமை வேறு நாட்டுக்குப் போகிறேன் என்று போய்விட்டார். எந்த நாடென்று சொல்லவில்லை. பசளை எவ்வளவு கரைக்க வேண்டும் என்று மட்டும் மூன்று தரம் சொன்னார். நான் கூடப் போட்டேனோ, குறையப் போட்டேனோ, பத்து நாளில் கண்டு கருகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்துத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு கோல்.

"தம்பி, கண்டு என்ன மாதிரி?"

"காய்ச்சுக்கொண்டிருக்கு அண்ணை."

"வேர் வெள்ளையோ?"

"நல்ல வெள்ளை."

"அப்ப நான் செய்தது பிழையில்லை," என்று வைத்துவிட்டார்.

அந்த மனிதருக்கு இன்னொரு ரிஜெக்ட் என் வாயால் வரக்கூடாது.