நாவல் எழுதப்போகிறவரின் மேசை

நாவல் எழுதுகிறவரைப் பற்றியதல்ல இது. அவர் பாவம், எங்கோ ஒரு மூலையில் எழுதிக்கொண்டிருப்பார், அவரால் யாருக்கும் தொந்தரவில்லை. இது நாவல் எழுதப்போகிறவரைப் பற்றியது. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். மரியாதைக்குக்கூட அவரிடம் 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்டுவைக்காதீர்கள். "முதல் வரி மட்டும் வந்துட்டா போதும் சார், மிச்சம் தண்ணி மாதிரி ஓடிரும்" என்று ஆரம்பித்தாரென்றால் உங்கள் பஸ் போய்விடும், அடுத்த பஸ்ஸும் போய்விடும்.

நம் ஆள் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு குமாஸ்தா. நாவலின் வேலைகளில் பெரும்பகுதியை முடித்துவிட்டார். சமர்ப்பணம் தயார். முன்னுரை தயார். அச்சகத்தில் வேலை பார்க்கப்போகிறவர் வரைக்கும் அத்தனை பேருக்கும் நன்றி சொல்லியாகிவிட்டது. மோவாயில் விரலை வைத்துத் தூரத்தில் எதையோ பார்க்கிற மாதிரி பின்னட்டைக்குப் படமும் பிடித்தாகிவிட்டது. 'முதல் பதிப்பு இத்தனை சீக்கிரம் தீரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை' என்று தொடங்கும் இரண்டாம் பதிப்பு முன்னுரைகூட ரெடி. பாக்கி என்ன? நாவல்தான்.

அது ஏன் வரவில்லை? பேனாவை மாற்றிப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார், தெரு கவனத்தைக் கலைத்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்தார், சுவர் கலைத்தது. குளிக்கும்போது கற்பனை பொங்கும் என்று எவரோ சொல்ல, ஒரு நாளைக்கு நான்கு தடவை குளித்தார். பொங்கியது மூக்குதான். ஒன்பது வருட ஆராய்ச்சிக்குப் பிறகு உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்தார். நல்ல மேசை இல்லை!

வீட்டில் இருந்தது ஒரே மேசை. அது அவர் மனைவியின் துணி வெட்டும் மேசை. அந்த அம்மாள் தையல்காரர். பள்ளிக்கூடம் திறக்க ஒரு மாதம்தான் இருந்தது, நூற்றிருபது சீருடை தைத்தாக வேண்டும். ஆனாலும் அவர் ஒன்பது வருடமாக அந்த முதல் வரியோடு குடும்பம் நடத்துகிறவர் அல்லவா? மேசையை விட்டுக்கொடுத்துவிட்டார்.

"ஒரு மாசம் தர்றேங்க. நான் தரையில குனிஞ்சு வெட்டிக்கிறேன். ஒரு அத்தியாயம் முடிச்சுட்டா மேசை உங்களுக்கே. இல்லைன்னா என் மேசை எனக்கு. அப்புறம் இந்த வீட்டுல நாவல்ங்கிற பேச்சே வரக்கூடாது, சொல்லிட்டேன்."

நம் ஆளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு மாதம்! ஆனால் அலுவலகத்தில் லீவு வேண்டுமே? நாவலுக்கென்று கேட்டால் கொடுப்பார்களா? கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பழைய காலண்டர் அட்டையை மடியில் வைத்து, பெரியப்பா மாடிப்படியில் விழுந்துவிட்டதாகவும் உடனிருந்து பார்க்க ஆளில்லை என்றும் மேலாளர் அம்மாவுக்கு நான்கு பக்கம் எழுதினார். ஒரு வாரம் கிடைத்தது.

அந்த வாரம் முழுக்க மேசையைத் துடைத்தார். ஒரு கால் ஆடியது, அட்டை மடித்து வைத்தார். இப்போது மற்ற மூன்றும் ஆடின. வாரம் தீர்ந்தது.

மறுபடி கட்டில் ஓரம். இந்தத் தடவை பதினோரு பக்கம். ஆஸ்பத்திரியில் பெரியப்பாவின் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர், ஒரு மதில் சுவருக்காக முப்பது வருடம் அவரோடு வழக்காடிய அதே பக்கத்து வீட்டுக்காரர்! மூன்றாவது கடிதம் பத்தொன்பது பக்கம். ஊசி போட வந்த நர்ஸ், அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் மகள். பெரியப்பா மகனுக்கு அவள்மேல் ஒரு கண். மேலாளர் அம்மா ஓரத்தில் குறிப்பெழுதி அனுப்பினார்: 'விடுப்பு அனுமதிக்கப்படுகிறது. பெண் சம்மதித்தாளா?'

நான்காவது கடிதத்தைப் பிரிவு முழுதும் கூடி உட்கார்ந்து வாசித்தது. டைப்பிஸ்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊரில் குழாய்கள் உடைந்துகிடந்தன, யார் கவனித்தார்கள்?

மாதம் முடிகிற அன்று மேலாளர் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஃபைலை இடுக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பெரியப்பா எப்படிம்மா இருக்காரு?"

தரையில் குனிந்து துணி வெட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் நிமிர முடிந்தது.

"இவருக்கு ஏதுங்க பெரியப்பா? இவங்க அப்பாவும் வீட்டுக்கு மூத்தவரு, அம்மாவும் மூத்தவங்க. பெரியப்பா எந்த வழியில வருவாரு?"

மேலாளர் அம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"அப்போ அந்த நர்ஸ் பொண்ணு?"

நம் ஆள் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவளுமா இல்ல? அடப்பாவி! நேத்து ராத்திரிகூட அவளுக்காக வேண்டிக்கிட்டேனேய்யா!"

"மன்னிச்சுக்குங்க மேடம். நாவல் எழுதத்தான் லீவு எடுத்தேன். இன்னும் ஒரு மாசம் கொடுத்தீங்கன்னா…"

"எவ்வளவு எழுதியிருக்கீங்க?"

"இன்னும் ஆரம்பிக்கல மேடம். முதல் வரி மட்டும்…"

மேலாளர் அம்மா ஃபைலைப் பிரித்துக் காட்டினார். அறுபத்திரண்டு பக்கம். "அப்போ இது என்னய்யா?"

"இதா? இது லீவு லெட்டர் மேடம்."

மனைவி அந்தத் தாள்களை வாங்கி நின்றபடியே படித்தார். பத்தாம் பக்கத்தில் சிரித்தார். முப்பதாம் பக்கத்தில் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். மனுஷன் இவ்வளவு எழுதுவாரா என்று அவருக்கே பெருமையாக இருந்தது. பிறகு ஒன்று கேட்டார்.

"இதையெல்லாம் எங்க உட்கார்ந்து எழுதினீங்க?"

"கட்டில் ஓரத்துலதான். காலண்டர் அட்டைய மடியில வச்சு."

அவ்வளவுதான். மனைவி சீருடைத் துணிக்கட்டைத் தூக்கி மேசைமேல் போட்டார், கத்தரியை எடுத்தார், ஒரு மாதத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து நின்று வெட்ட ஆரம்பித்தார்.

நம் ஆள் மறுநாளே வேலைக்குப் போய்விட்டார். பெரியப்பா வீட்டுக் கல்யாணம் என்ன ஆயிற்று என்று பிரிவே தினமும் நச்சரிக்கிறது. அதற்கெல்லாம் அவருக்கு எங்கே நேரம்? "நாவல் கைக்கு வந்துருச்சு சார், கரெக்டா அந்த நேரம் பார்த்து மேசையப் பிடுங்கிட்டா" என்று பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அது சரி, இன்றைக்கு நீங்களும் எதையோ எழுதுவதாகத்தானே உட்கார்ந்தீர்கள்? அதற்கு முன்னால் இதை மட்டும் படித்துவிடலாமென்று எடுத்தீர்கள், இல்லையா? நாற்காலி வசதியாக இருக்கிறதா?