சுருளிராஜனின் திறன்மரம்

சின்னமனூர் சுருளிராஜனைக் கண்டு ஒரு கம்ப்யூட்டருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. கோயம்புத்தூரில் அது இருந்த அறையில் ஏசியை நிறுத்திவிட்டு, அதற்குக் கம்பளி போர்த்தினார்கள். முல்லையாற்றுத் தண்ணீர் குடித்த எவனும் இதைப் பொய் என்று சொல்லமாட்டான். சொன்னவர் ஒருவர்தான், ஸ்டோர் கீப்பர் கர்ணன். தன் கல்யாணத்தையே போட்டோ கழுவி வந்த பிறகுதான் நம்பியவர் அவர்.

அது 2009. சொட்டுநீர்ப் பாசனக் குழாய் விற்கும் கம்பெனியின் சின்னமனூர்க் கிளை. மேனேஜர் ரிட்டயர் ஆனதிலிருந்து சுருளிராஜன்தான் பொறுப்பு. பதவி மட்டும் இன்னும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து அவருடைய கம்ப்யூட்டர் கேட்டது: 'தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும். சரியா, தவறா?'

"என்ன கர்ணா, இது என்னைய ஒண்ணாப்புல உக்கார வச்சிருச்சு?"

ஆளுக்குத் தகுந்த ஆன்லைன் பாடம் என்று கோயம்புத்தூர்த் தலைமை அலுவலகம் கொண்டுவந்த ஏற்பாடு அது. கம்ப்யூட்டருக்குள் ஒரு திறன்மரம். எந்த வேலைக்கு எது தாய், எது பிள்ளை, எது சம்பந்தி என்று கல்யாணத் தரகர் தோற்கும்படி எழுதி வைத்திருந்தார்கள். உங்களுக்குத் தெரிந்தது பச்சை இலை, தெரியாதது சிவப்பு. சிவப்புக்கு மட்டும் பாடம் வரும்.

சுருளிராஜன் மரத்தில் ஒரு பச்சை இலைகூட இல்லை. காரணம் எளிது. நம் பள்ளத்தாக்கில் எவன் தன் வாயால் நல்லாத் தெரியும் என்பான்? லாரி கொள்ளாமல் வாழைத்தார் ஏற்றி நிற்பவனிடம் விளைச்சல் எப்படி என்றால், ஏதோ கிடக்கு என்பான். கண்ணு பட்டுவிடும் அல்லவா? குழாய் பதிக்கத் தெரியுமா, மோட்டார் பார்க்கத் தெரியுமா என்று கம்ப்யூட்டர் கேட்டதற்கெல்லாம் சுருளிராஜனும் அடக்கமாக 'ஏதோ கொஞ்சம்' என்றே அமுக்கியிருந்தார்.

கோயம்புத்தூரிலிருந்து பயிற்சி அதிகாரி வைகுண்டராஜ் போனில் வந்தார். இப்படியே போனால் வேறு மேனேஜர் வருவார் என்றும், சுருளிராஜன் ஓசூரில் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

சுருளிராஜன் கர்ணனிடம் ஓடினார். மகள் விஜி பிளஸ் டூ. வீட்டைப் பெயர்க்க முடியாது. அவளையும் மனைவி பவானியையும் விட்டுவிட்டு ஓர் இரவுகூட வெளியூரில் தூங்கியறியாத மனுஷன் அவர்.

"எல்லாத்துக்கும் நல்லாத் தெரியும்னு அமுக்குங்கண்ணே. கம்ப்யூட்டருக்கு ஏது கண்ணு?" என்றார் கர்ணன்.

அமுக்கினார். மரம் பச்சைப் பசேலென்று ஆனது. அதோடு நின்றதா? மோட்டார் தெரிந்தவருக்கு மின்சாரம் தெரிந்திருக்கும் என்று அதுவாகவே ஒரு கிளை விட்டது. மின்சாரம் தெரிந்தால் சூரியத் தகடு தெரியும். சூரியத் தகடு தெரிந்தால் பாலைவனப் பாசனமும் தெரியும். இலைகள் திரையைத் தாண்டி மேசையில் உதிராத குறைதான்.

மறுநாள் வைகுண்டராஜ் மரியாதை பொங்கப் பேசினார். ராஜஸ்தானில் தொடங்கும் புதுக் கிளைக்கு இவரைவிட்டால் இந்தியாவில் ஆளில்லையாம். வீட்டு ஆள் ஒருவர் கம்ப்யூட்டரில் சாட்சி சொல்லிவிட்டால் மாற்றல் ஆர்டர் தயாராம்.

சுருளிராஜன் துள்ளினார். சாட்சியா? பவானி இருக்கிறாளே! அவரைப் பற்றி அவள் ஒரு நல்ல வார்த்தை சொல்லி ஊரில் எவரும் கேட்டதில்லை. அவள் சாட்சி சொன்னால் கொஞ்சம் இலை உதிரும். ராஜஸ்தானும் வேண்டாம், ஓசூரும் வேண்டாம், நடுவாந்திரமாக நின்றுகொள்ளலாம்.

பவானி ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தாள். விஜி ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"மோட்டார் பழுது பார்த்தல்."

"நம்ம வீட்டு மோட்டாரு மாசியிலருந்து ஓடல. தெரியாதுன்னு போடு."

"குழாய் பதித்தல்."

"குளியலறையில வந்து பாக்கச் சொல்லு. தெரியாது."

"கணக்கு."

"இவுகளயா கேக்குது? தெரியாது."

"கொஞ்சம் பாத்து, பவானி," என்று சுருளிராஜன் கெஞ்சினார்.

"பொய்ச் சாட்சி சொல்லச் சொல்றீகளா?"

அவள் எழுந்தபோது மரத்தில் குச்சி மட்டும்தான் மிச்சம். கோயம்புத்தூர்க் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் கண்டது அப்போதுதான். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரே ஆளுக்கு எல்லாம் தெரியும், எதுவுமே தெரியாது! பாவம், அது என்ன செய்யும்?

போன் அடித்தது. வேலையே போயிற்று என்று சுருளிராஜன் நாற்காலியில் சரிந்தார். விஜி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பவானியின் முகம்கூட வாடிவிட்டது. "நான் வேணா பேசி, கணக்கு மட்டும் தெரியும்னு சொல்லட்டா?" என்றாள் மெதுவாக.

கர்ணன்தான் எடுத்தார். வெகுநேரம் ம் கொட்டினார். வைத்துவிட்டு, சுருளிராஜனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"காச்சல் தெளிஞ்சு கம்ப்யூட்டரு முடிவு சொல்லிருச்சாம். ஒரு ஆளுக்கு ஒண்ணுமே தெரியல, ஆனா அவுக பாக்குற கிளை விற்பனையில மொதல்ல நிக்கிது; அப்ப அடுத்தவுகள வச்சு வேல வாங்க மட்டும் தெரிஞ்சவுகளாத்தான் இருக்கணும், அதுக்குப் பேரு மேனேஜர்னு சொல்லி, இங்கனயே ஒங்களப் போட்டுட்டாகண்ணே. நான் எதையும் நம்புறவன் இல்ல. ஆனா இந்தக் காதால கேட்டேன், நடந்திருச்சு."